ஆறில் நாலு பேர்

எனக்குக் கணக்கு வராது என்று முதலில் சொன்னது யார் என்று நினைவில்லை. ஆனால் யாரோ சொன்னதும் வீடு, பள்ளிக்கூடம், அக்கம் பக்கம் எல்லாம் ஒரே குரலில் ஆமோதித்தது நன்றாக நினைவிருக்கிறது. வேறு எந்த விஷயத்திலும் எங்கள் சொந்தக்காரர்கள் அப்படி ஒற்றுமையாக இருந்து நான் கண்டதில்லை. பதினாறு வயதில் எழுதிய சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் பெயில் என்று தெரிந்தபோது, வருத்தத்தைவிடத் தாங்கள் சொன்ன ஜோசியம் பலித்த திருப்திதான் அவர்கள் முகத்தில் அதிகம். நானும் அதை நம்பிக்கொண்டு நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்கு வந்து, கல்யாணம் கட்டி, ஒரு முன்பள்ளியில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்தேன். அங்கே இருபதுக்கு மேல் எண்ணத் தேவையில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முன்பள்ளியை நடத்தியவரை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். தன் வீட்டின் முன்பக்கத்து அறையைத்தான் பள்ளியாக்கி வைத்திருந்தார். ஒரு நாள் பிள்ளைகள் போன பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அங்கே இருப்பதெல்லாம் பிள்ளைகளின் கதிரை. உட்கார்ந்தால் முழங்கால் நாடியில் இடிக்கும். அந்தக் கோலத்தில் வைத்து, தான் இத்தாலியில் இருக்கும் மகளோடு போய்ச் சேரப் போவதாகவும், பள்ளியை என் கையில் கொடுத்துவிட்டுப் போக விருப்பம் என்றும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாக்கியத்திலேயே புரிந்துவிட்டது. பள்ளியைப் பொறுப்பெடுப்பவர் முன்பள்ளி டிப்ளோமாவில் சேர்ந்தாவது இருக்க வேண்டும். அதில் சேர்வதற்குக் கணிதம் பாஸ் வேண்டும்.

"நீ கணக்க மட்டும் எழுதி எடுத்துரு. இல்லாட்டி முன் ரூம அந்த பியூட்டி பார்லர்காரிக்குத்தான் குடுக்கணும்" என்றார். அவர் மிரட்டவில்லை. வாடகை வராமல் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக அவரால் முடியாது.

எனக்கு அந்தப் பள்ளி வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அழுதுகொண்டே வந்து என் சேலையில் மூக்கைத் துடைக்கிற பிள்ளை, இரண்டு வருடத்தில் பெரிய மனுஷத்தனமாகப் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பாராமல் போகிறதே, அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு போதை. அந்த இடத்தில் வேறொருத்தி நின்று புருவம் திருத்துவதை நினைத்தால் வயிறு எரிந்தது. ஆகவே கணிதத்தை மட்டும் தனியாக எழுத விண்ணப்பித்தேன். என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

வகுப்பு குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு சப்பாத்துக் கடையின் மேல்மாடியில். சனிக்கிழமை பின்னேரங்களில் நடக்கும். பெயிலாகித் திரும்ப எழுதுகிறவர்களுக்கென்று நடக்கிற வகுப்பு என்பதால், அங்கே எல்லோரும் ஒருவரையொருவர் பார்க்காமலே உட்கார்ந்திருப்பார்கள். நிறையப் பேர் மீசை முளைத்தும் முளைக்காததுமான வயது. யன்னலுக்குக் கீழே கொண்டக்டர்கள் நாவலப்பிட்டி, நாவலப்பிட்டி என்று கூவுவார்கள். ஒவ்வொரு தடவையும் பேசாமல் இறங்கிப் பஸ் ஏறிவிடலாமா என்று எனக்குத் தோன்றும்.

படிப்பித்த சேர் யாழ்ப்பாணத்துக்காரர். பேராதனையில் படித்து முடித்துவிட்டு வேலை கிடைக்கும் மட்டும் இதைச் செய்துகொண்டிருந்தார். என் கடைசித் தம்பியைவிடச் சின்னவர். நான் அவரைச் சேர் என்பேன். அவர் என்னை அக்கா என்பார். மரியாதை இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்தது, அறிவுதான் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

கடைசி வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் அக்குறணையிலிருந்து வந்த முஸ்லிம் பெண்மணி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால், அவர்கள் முறைப்படி நான் அவரை ராத்தா என்று கூப்பிட்டேன். அவர் என்னைத் தங்கச்சி என்றார். கணவருக்கு அங்கே கடை இருக்கிறது, வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகள் ஒரு நாள் கணக்கொன்றைக் காட்டிவிட்டு, உம்மாவுக்கு இதெல்லாம் விளங்காது என்று தானே புத்தகத்தை மூடிவிட்டாளாம். அதற்காகவே மாத்தளை வீதி பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வாராவாரம் வந்தார். ரோஷம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

முதல் மாதம் முழுவதும் விகிதமுறு எண்களும் பின்னமும்தான். அடிப்படை சரியில்லாதவர்களுக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்றார் சேர். மேலே ஒரு முழு எண், கீழே ஒரு முழு எண் என்று எழுதக்கூடிய எதுவும் விகிதமுறு எண். கீழே மட்டும் பூச்சியம் வரக்கூடாது. ஐந்து கூட விகிதமுறு எண்தான், ஏனென்றால் அதன் காலடியில் ஒரு ஒன்றைப் போட்டுவிட்டால் போதும். மைனஸ் மூன்று என்கிற மறை மூன்றுக்கும் அதே ஏற்பாடு. எங்கள் வீட்டில் பெண் பார்க்க வருகிற நாளில் மட்டும் அண்ணனுக்கு நீளக் காற்சட்டை போட்டுவிடுவார்களே, அந்த மாதிரி என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

கீழே ஏன் பூச்சியம் வரக்கூடாது என்று ஒரு பையன் கேட்டான். சேர் அது வரையறுக்கப்படவில்லை என்றார். பையனுக்கு அது போதவில்லை. அப்போதுதான் ராத்தா முதன்முதலாக வகுப்பில் வாயைத் திறந்தார். அவர் சஹனைக் கொண்டு விளக்கினார். அவர்களுடைய கல்யாண வீடுகளில் சாப்பாட்டை ஆளுக்கொரு கோப்பையில் போட மாட்டார்கள். சஹன் என்கிற பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோறும் கோழியும் கத்தரிக்காயும் குவித்து நடுவில் வைப்பார்கள். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, அவரவர் முன்னால் உள்ள பக்கத்திலிருந்து சாப்பிடுவார்கள். கீழே இருக்கும் எண் சஹனில் உள்ள இடம், மேலே இருப்பது வந்த ஆள் என்றார் ராத்தா.

"மேல பூச்சியம் ஈக்கலாம். சஹன் வச்சீக்கி, ஒருத்தரும் வரல்ல. சோறு மிஞ்சும், அவ்வளவுதான். கீழ பூச்சியம்டா ஆள் வந்தீக்கி, உட்கார எடமில்ல. அது சண்டையிலதான் முடியும்."

வகுப்பே சிரித்தது. சேரும் சிரித்துவிட்டு, பரீட்சையில் மட்டும் அப்படி எழுதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

பிறகு பின்னத்தைச் சுருக்கும் பாடம் வந்தது. அங்கேதான் எங்கள் இருவரின் வண்டவாளமும் தண்டவாளம் ஏறியது.

என் வியாதி வெட்டுவது. மேலே ஒரு ஆறும் கீழே ஒரு ஆறும் கண்ணில் பட்டால் என் கை சும்மா இராது. முதல் பயிற்சியில் அறுபத்து நான்கில் பதினாறைச் சுருக்கச் சொல்லியிருந்தது. பதினாறில் உள்ள ஆறையும் அறுபத்து நான்கில் உள்ள ஆறையும் ஒரே கோட்டில் வெட்டினேன். மேலே ஒன்று மிஞ்சியது, கீழே நாலு மிஞ்சியது. நாலில் ஒன்று. சேர் விடையை மட்டும் பார்த்துச் சரி போட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு வந்த தெம்பைச் சொல்லி மாளாது. இவ்வளவு சுலபமான விஷயத்துக்கா இத்தனை வருடம் பயந்தோம் என்று பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். அன்றிரவு சமையலில் உப்புக்கூடச் சரியாக இருந்ததாக வீட்டுக்காரர் சொன்னார்.

அடுத்த கிழமை இருபத்து நாலில் பன்னிரண்டு. இரண்டையும் இரண்டையும் வெட்டினேன். மறுபடியும் நாலில் ஒன்று. சேர் என் கொப்பியைக் கையில் எடுத்து நீண்ட நேரம் பார்த்தார்.

"அக்கா, இருபத்து நாலு பேரில பன்னிரண்டு பேரெண்டா அரைவாசி. அது எப்பிடிக் காலாச்சு?"

வெட்டினேன் சேர் என்றேன். எப்படி வெட்டினேன் என்று காட்டச் சொன்னார். காட்டினேன். அவர் பக்கங்களைப் பின்னால் புரட்டி அந்தப் பதினாறு அறுபத்து நான்கைக் கண்டுபிடித்தார். அதில் குருட்டாம்போக்கில் சரியாக வந்துவிட்டது, அதை மறந்துவிடுங்கள் என்றார். மறப்பதாவது. நான் கண்டுபிடித்த ஒரே கணித விதி அது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, விதி சரி, இருபத்து நாலில்தான் ஏதோ கோளாறு என்று பல நாள் நம்பினேன்.

ராத்தாவின் வியாதி நேரெதிர். அவர் எதையும் வெட்ட மாட்டார். கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் அச்சு அசலாகச் செய்து ஆறில் நாலு என்று விடைக்கு வந்து சேர்வார். எளிய வடிவில் தருக என்று கேள்வியில் இருக்கும். அவர் அங்கேயே பேனையை மூடி வைத்துவிடுவார். மூன்றில் இரண்டு என்று எழுத வேண்டும் என்று சேர் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆறு பேருக்கு வைக்கிற சஹனை மூன்று பேருக்கு எந்தக் கல்யாண வீட்டில் வைப்பார்கள் என்பது அவர் கேள்வி. வந்த நாலு பேரில் இரண்டு பேரை எழுப்பி அனுப்பிவிட்டு, இடத்தையும் பாதியாக்கிவிட்டு, எல்லாம் ஒன்றுதான் என்றால் அது என்ன நியாயம்? கீழே பன்னிரண்டு இருந்தால் இரண்டு சஹன். அதைப் போய் நாலாக்கினால் யாரோ பட்டினி கிடக்கிறார்கள். கீழே எட்டோ பத்தோ வந்தால் அது வேறு ஊர்ச் சஹன் என்று விட்டுவிடுவார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதை அத்தனை இனிமையாகச் சொல்லக்கூடிய வேறு ஆளை நான் சந்தித்ததில்லை.

உண்மையைச் சொன்னால் அந்தப் பயம் எனக்கும் உள்ளூர இருந்தது. முப்பத்தாறில் இருபத்து நாலு என்றால் கேட்கவே ஒரு கனம் இருக்கிறது. அதை மூன்றில் இரண்டு என்றால் கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரி இருக்கிறது. பெறுமானம் மாறாது என்று சேர் பலகையில் எத்தனை தடவை எழுதினாலும் மனம் நம்பவில்லை. நான் வெட்டினேனே தவிர, வெட்டினால் ஏன் குறையாது என்று ஒரு நாளும் விளங்கி வெட்டவில்லை. ராத்தா விளங்காததைச் செய்ய மாட்டேன் என்றார். எங்கள் இருவர் கொப்பியையும் ஒன்றாகக் கலந்து இரண்டால் வகுத்தால் ஒரு கெட்டிக்காரி கிடைப்பார் என்று சேர் ஒரு நாள் பெருமூச்சு விட்டார்.

பரீட்சைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது சேர் ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தார். ராத்தா ஒரு முடி இடைவெளியில் பெயில். நான் ஒரு சடை இடைவெளியில் பெயில். அதே கிழமை, பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், பியூட்டி பார்லர்காரி அளவு நாடாவோடு வந்துவிட்டார். நல்ல மனுஷிதான், சிரித்த முகம். சுவரில் பிள்ளைகள் கீறிய யானைகளின் மேல் நாடாவைப் பிடித்து, கண்ணாடி இங்கே, தலை கழுவுகிற பேசன் இங்கே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அளந்தார். ஒரு சின்னப் பெண் அவரிடம் போய், அது என் யானை என்றாள். நான் குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன். கோபம்தான் அதிகம். ஒரு கோட்டுக்கு மேலேயும் கீழேயும் இருக்கிற இரண்டு எண்கள் சேர்ந்து என் பிழைப்பில் மண்ணைப் போடுகின்றனவே என்ற கோபம்.

அந்த நிலைமையில்தான் ராத்தாவின் கணவரின் தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது. நான் வரவில்லை, படிக்க வேண்டும் என்றேன். வராவிட்டால் இனிமேல் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றார். அந்த வாங்கில் அவர் கொண்டுவரும் கொழுக்கட்டை இல்லாமல் பின்னத்தை எதிர்கொள்ளும் தைரியம் எனக்கு இல்லை. போனேன்.

அக்குறணையில் ஒரு மண்டபம். பெண்களுக்குத் தனிப் பக்கம். பட்டும் வாசனையுமாகத் தலை சுற்றியது. எனக்கு மாட்டிறைச்சி ஆகாது என்று ராத்தா முன்கூட்டியே சொல்லி, எங்கள் சஹனில் கோழி மட்டும் வைக்க ஏற்பாடு செய்திருந்தார். ராத்தா, அவர் மகள், அவர் மச்சி என்று கூப்பிடுகிற நாத்தனார் ஒருவர், நான் என்று நாலு பேர் வட்டமாக உட்கார்ந்தோம். கை கழுவப் பேசனும் கேத்தலும் உட்கார்ந்த இடத்துக்கே வந்தன. சஹனும் வந்தது. ஆனால் யாரும் கை வைக்கவில்லை. ஆறு பேர் சேராமல் சஹன் தொடங்காது என்பதால், பந்தி பார்க்கிற ஒரு அம்மா எங்களுக்கு இரண்டு ஆள் தேடிப் போயிருந்தார். அந்த நெய்ச்சோற்று மணத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது ஒரு தனிச் சித்திரவதை.

காத்திருந்த நேரத்தில், கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கிற வட்டலப்பம் வந்தது. அன்று கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். அதனால் இரண்டு பேருக்கு ஒரு கோப்பை, ஆளுக்கொரு கரண்டி என்று முடிவு பண்ணியிருந்தார்கள். பரிமாறுகிற பெண் எங்கள் சஹனுக்குப் பழக்கத்தில் மூன்று கோப்பைகளை வைத்தாள். பிறகு எங்களை எண்ணினாள். நாலு பேர்தான். ஒரு கோப்பையைத் திரும்ப எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டாள்.

ராத்தா தன் இயல்புப்படி அதை எதிர்த்தார். மூன்று கோப்பை என்றால் மூன்றுதான், வைத்துவிட்டு எடுக்கக் கூடாது என்றார். நாலு பேருக்கு இரண்டு போதும், இரண்டு பேர் வந்தால் மூன்றாவதைத் தருகிறேன் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். சரிதானே உம்மா, ஒருவருக்கும் குறையவில்லையே என்று மகள் சொன்னாள்.

நான் அந்த இரண்டு கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு பேர் வந்தால் மூன்று கோப்பை. நாலு பேர் வந்திருக்கிறோம், இரண்டு கோப்பை. யாரையும் எழுப்பி அனுப்பவில்லை. சஹன் சின்னதாகவில்லை. சோறு ஒரு பருக்கை குறையவில்லை. எண்ணுகிற விதம் மட்டும்தான் மாறியிருக்கிறது. ராத்தாவின் கையைப் பிடித்தேன்.

"ராத்தா, ஆளா எண்ணினா ஆறுல நாலு. கோப்பையா எண்ணினா மூணுல ரெண்டு. சஹன் அதே சஹன்தான்."

ராத்தா கோப்பைகளைப் பார்த்தார். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தானும் மகளும் ஒரு கோப்பை, நானும் மச்சியும் ஒரு கோப்பை, வராத இருவருக்கு ஒரு கோப்பை என்று விரலால் காற்றில் வட்டம் போட்டார். அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை. ஒரு பழைய நம்பிக்கையை அடக்கம் பண்ணுகிற ஆளின் முகம்தான் இருந்தது.

"அப்ப அந்த சேர் சஹன மூணு பேருக்கு வைக்கச் செல்லல்ல. சோடி சோடியா எண்ணத்தான் செல்லீக்கார்" என்றார். "அத மொதல்லயே செல்லியிருக்கலாம் தானே."

அப்போது பந்தி பார்க்கிற அம்மா ஒரு தாயையும் மகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தார். மூன்றாவது கோப்பையும் வந்தது. ஆறில் ஆறு, மூன்றில் மூன்று, இரண்டும் ஒன்றேதான் என்று ராத்தா அந்தப் புது ஆட்களிடம் அறிவித்தார். அவர்கள் பயந்துபோய் ஸலாம் சொன்னார்கள். ராத்தாவின் மகள் தலையைக் குனிந்து சோற்றில் கவனமாக இருந்தாள். அந்தக் கோழிப் பொரியலின் ருசி எனக்கு நினைவில்லை. பசியோடு போன நான் பின்னத்தை மென்றுகொண்டே சாப்பிட்டு முடித்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் என் பங்குக்கு எனக்கும் அடி விழுந்தது. சுருக்குவது என்றால் மேலே உள்ள எல்லோரையும், கீழே உள்ள எல்லா இடத்தையும், ஒரே அளவான கூட்டம் கூட்டமாக எண்ணுவது. சோடியாக என்றால் இரண்டு பக்கமும் சோடியாக. மும்மூன்றாக என்றால் இரண்டு பக்கமும் மும்மூன்றாக. அப்படியானால் பதினாறில் உள்ள ஆறை நான் வெட்டினேனே, அது யார்? பதினாறு பேரில் ஆறு பேரா? இல்லை. அது வெறும் எழுத்து. ஒரு ஆளின் பெயரில் ஓர் எழுத்தை அழித்துவிட்டு, ஆள் மெலிந்துவிட்டார் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். இருபத்து நாலில் பன்னிரண்டைப் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணிப் பார்த்தேன். மேலே ஒரு கூட்டம், கீழே இரண்டு கூட்டம். அரைவாசி. பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நெரிசலில் நின்றது. நான் கண்ணில் பட்ட வாகன இலக்கங்களையெல்லாம் சோடி போட்டுச் சுருக்கிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அடுத்த சனிக்கிழமை ராத்தா தானாக எழுந்து பலகைக்குப் போய், ஆறில் நாலு சமன் மூன்றில் இரண்டு என்று எழுதினார். சேர் மார்க்கரை மேசையில் வைத்துவிட்டார். என்ன நடந்தது என்று கேட்டார். வட்டலப்பம் என்றார் ராத்தா. அதற்கு மேல் விளக்கம் கொடுக்க மறுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்தப் பாடம் முடியும் வரை சேர் எங்கள் வாங்கைச் சந்தேகத்தோடு பார்த்தபடியே இருந்தார். பின்னம் பிடிபட்டதும் மற்றவையும் மெதுவாக அசையத் தொடங்கின. விகிதம், சதவீதம், சமன்பாடு என்று எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் இருந்த ஆட்கள்தான், வேறு வேறு உடுப்பில்.

பரீட்சை அன்று மண்டப வாசலில் இருந்த காவலாளி, பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நிற்கும்படி என்னிடம் பணிவாகச் சொன்னார். பிள்ளை நான்தான் என்று அனுமதி அட்டையைக் காட்டினேன். அவர் எழுந்து நின்று வழிவிட்டார். உள்ளே மேசை சின்னது; முன்பள்ளிக் கதிரையில் பழகிய முழங்காலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. முடிந்து வெளியே வந்தபோது ராத்தா மரத்தடியில் காத்திருந்தார். இரண்டு பேரும் வினாத்தாளை விரித்தோம். அந்தப் பின்னக் கேள்விக்கு எனக்கு வந்த விடையைச் சொன்னேன். அவரும் அதையே சொன்னார். அத்தனை மாதத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே விடை வந்தது அதுதான் முதல் தடவை. வீதியென்றும் பாராமல் கட்டிப்பிடித்துக்கொண்டோம். பதினாறு வயதுப் பிள்ளைகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பெறுபேறு வந்த காலையில் நான் பள்ளியில் இருந்தேன். பிள்ளைகள் களிமண் உருட்டிக்கொண்டிருந்தார்கள். போனில் இலக்கத்தைத் தட்டிவிட்டு, பார்க்கப் பயந்து அதைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். ஒரே ஒரு வரி. கணிதம், எஸ்.

எஸ் என்றால் மயிரிழையில் பாஸ். ஆனால் பாஸ். உடனே ராத்தாவுக்குப் போன் எடுத்தேன். அவருக்கு அதற்கு ஒரு படி மேலே, சி. அதைச் சொல்லும்போது தன் குரலில் பெருமை தெரியாமல் இருக்க அவர் மிகவும் முயற்சி செய்தார், முடியவில்லை. மகள் பார்த்தாளா என்று கேட்டேன். மகள்தான் பெறுபேற்றை எடுத்துக் கொடுத்தாளாம், அதன் பிறகு இன்னும் வாயே திறக்கவில்லையாம். எனக்கு இந்த வயதில் ஒரு எஸ், இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நான் சிரித்தேன். ராத்தா சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் மொத்தம் எத்தனை பாடம் எழுதினீர்கள் என்று கேட்டார். ஒன்பது என்றேன். கணிதம் தவிர மற்றதெல்லாம் பாஸா என்று கேட்டார். எட்டும் பாஸ் என்றேன். தமிழில் நல்ல தேர்ச்சிகூட. யாரும் கேட்டதில்லை, அதனால் நானும் சொன்னதில்லை.

"ஒம்பதுல எட்டு" என்றார் ராத்தா. "சுருக்குங்க பாப்பம்."

நான் உண்மையாகவே சுருக்கப் பார்த்தேன். சோடியாக எண்ணினால் எட்டு சரிவரும், ஒன்பதில் ஒன்று மிஞ்சும். மும்மூன்றாக எண்ணினால் ஒன்பது சரிவரும், எட்டு இடறும். வேறு எதற்கும் இரண்டும் சேர்ந்து வரவில்லை.

"சுருக்க முடியாது ராத்தா."

"அப்ப என்னத்துக்கு இவ்வளவு காலமும் அத பூச்சியம்னு செல்லிட்டு திரிஞ்சீங்க?"

போனைக் காதில் வைத்தபடியே அழுதேன். இந்தத் தடவை குழாயைத் திறந்து விடவும் தோன்றவில்லை. ஊரார் சொன்னார்கள் என்று நானே என்னை அப்படிச் சுருக்கி வைத்திருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. களிமண் கையோடு இரண்டு பிள்ளைகள் வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தன.

சத்தம் கேட்டுப் பெரிய டீச்சர் உள்ளேயிருந்து வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது. பெயிலா என்று மெதுவாகக் கேட்டார்.

பாஸ் என்றேன்.

"கணக்குலயா?"

"ஒம்பதுலயும் டீச்சர்."